விசில் அடிக்காத குக்கர்: ஆட்டிசம் உள்ள ஒரு தந்தையின் மதிப்புரை

மின்சார பிரஷர் குக்கர் பற்றி நான் படித்த மதிப்புரைகள் எல்லாம் மூன்று கேள்விகளையே சுற்றி வருகின்றன. பிரியாணி உதிரியாக வருமா, எத்தனை பேருக்குச் சமைக்கலாம், கேஸ் எவ்வளவு மிச்சமாகும். இந்த மூன்றுக்காகவும் நான் இதை வாங்கவில்லை. விசில் அடிக்காது என்பதற்காக மட்டுமே வாங்கினேன். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. எங்கள் வீட்டில் காலைச் சமையல் என்னுடைய பொறுப்பு. என்னைப் போன்ற ஒருவர் பணம் கொடுப்பதற்கு முன் எவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புவாரோ அவற்றை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. கனடாவில் ராபர்ட் வாங் என்ற கணினிப் பொறியாளரும் அவருடைய நண்பர்களும் 2010-இல் இன்ஸ்டன்ட் பாட் என்ற குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது பரவலாக விற்ற பிறகு இதே அமைப்பில் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிவிட்டன. ஆகவே நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகை முழுவதற்குமே பொருந்தும். என்னிடம் இருப்பது ஏறத்தாழ 6 லிட்டர் கொள்ளளவு, 1000 வாட், உள்ளே எவர்சில்வர் பாத்திரம். வாங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் குடியிருக்கிறோம். நான் வரைவாளர். கொதிகலன்கள் தயாரிக்கும் பெல் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் துவாக்குடிப் பட்டறைகளுக்காகக் குழாய்த் தாங்கிகள், காற்றுக் குழல்கள், படிக்கட்டுகள் ஆகியவற்றின் வரைபடங்களை வீட்டிலிருந்தே கணினியில் வரைகிறேன். மனைவி செவிலியர். காலைப் பணி என்றால் ஆறேகாலுக்கே கிளம்பிவிடுவார். மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பள்ளி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சோறு, பருப்பு, ஒரு காய், அவளுக்குத் தலை வாரிவிடுவது, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஒன்பதரைக்கு மேலாளரிடமிருந்து தொலைபேசி வரும்.

விசில் சத்தம் எல்லோருக்கும் கொஞ்சம் எரிச்சல்தானே என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது எரிச்சல் அல்ல, வலி. காதில் தொடங்கித் தாடை வழியாகத் தோளுக்கு இறங்கும். கையில் எது இருந்தாலும் பிடி நழுவும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு, ஒலி, ஒளி, தொடுகை, மணம் போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. என் மருத்துவர் அதை விளக்கிச் சொன்னபோது எனக்கு முப்பத்தேழு வயது. அதுவரை வீட்டில் எனக்கு வழங்கிய பெயர் பயந்தாங்கொள்ளி.

சத்தத்தைவிட மோசமானது அதற்கு முந்தைய காத்திருப்பு. பதினேழாம் நூற்றாண்டில் டெனிஸ் பாப்பின் தன்னுடைய அழுத்தச் சமையல் கலத்துக்காகச் செய்த எடை வால்வுதான் பிற்காலக் கொதிகலன் பாதுகாப்பு வால்வுகளுக்கு முன்னோடி. நம் குக்கரின் தலையில் உட்கார்ந்திருக்கும் வெயிட்டும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கொதிகலன் ஆலையில் பாதுகாப்பு வால்வைத் திறந்து சோதிக்கும்போது முன்கூட்டியே அறிவிப்பார்கள், காதுமூடி கொடுப்பார்கள், அங்கே வேலை இல்லாதவர்களை விலகி நிற்கச் சொல்வார்கள். சமையலறையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வால்வு என் முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில், எந்த நொடியில் என்று சொல்லாமல் திறக்கிறது. அது திறக்கப்போகும் அந்த நொடிக்காக உடம்பு முழுவதும் விறைத்து நிற்கும். பருப்பு வேகும் கால் மணி நேரமும் நான் வேறு எந்த வேலைக்கும் உதவாதவனாக இருந்தேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் சமையலை விசிலால் அளக்கிறோம். அரிசிக்கு மூன்று, பருப்புக்கு ஐந்து, கொண்டைக்கடலைக்கு ஏழு எட்டு. பொறியியல் கண்ணோடு பார்த்தால் விசில் ஓர் அளவே அல்ல. பருப்பு வேகத் தேவையானவை வெப்பநிலையும் நேரமும் மட்டுமே. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதல் அழுத்தம் ஏறினால் உள்ளே தண்ணீர் 121 டிகிரியில் கொதிக்கும். வெயிட் அப்போது தூக்கிக்கொண்டு மிகுதி ஆவியை வெளியே விடும். தீயைக் கூட்டி வைத்தால் விசில் அடுத்தடுத்து வந்துவிடும், பருப்பு வெந்திருக்காது. தீயைக் குறைத்தால் ஒரே விசிலில் பருப்பு குழைந்துவிடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் வையுங்கள் என்றுதான் குக்கர்களோடு வரும் கையேடுகளே சொல்கின்றன. ஆனால் எந்த வீட்டில் அப்படி நடக்கிறது? அடுத்த அறையிலிருந்தபடி எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வழக்கம். மற்றவர்கள் பேசிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் அதை எண்ணிவிடுகிறார்கள். எனக்கு எண்ணுவது என்றால் எண்ணுவது மட்டுமே. இன்னொரு குரல் நடுவில் நுழைந்தால் வந்தது இரண்டாவதா மூன்றாவதா என்பது கரைந்துவிடும்.

மின்சாரக் குக்கர் இந்த முறையையே தலைகீழாக மாற்றிவிடுகிறது. அழுத்தம் மிகுந்து ஆவி வெளியேறும் கட்டத்துக்கு அது போவதே இல்லை. மூடியை மூடி, வால்வை அடைத்த நிலையில் வைத்தால், ஆவி சேரச் சேர ஒரு சிறிய மிதவை ஊசி மேலே எழுந்து துளையை அடைத்துக்கொள்கிறது. அந்த ஊசி எழுந்திருக்கும் வரை மூடியைத் திறக்க முடியாது. குறித்த அழுத்தம் வந்ததும் இயந்திரம் சூடேற்றுவதைத் தானே நிறுத்துகிறது. அழுத்தம் சற்று இறங்கினால் மறுபடி சூடேற்றுகிறது. நிமிடக் கணக்கு அழுத்தம் வந்த பிறகுதான் தொடங்கும். அதாவது நான் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால், உண்மையாகவே அழுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் வேகிறது. அளவு கூடினாலும் குறைந்தாலும், மழை நாளானாலும் மே மாதமானாலும், பருப்பு ஒரே பதத்தில் வருகிறது. நேற்றைய பருப்பும் இன்றைய பருப்பும் ஒன்றுபோலிருந்தால்தான் எனக்குச் சாப்பிட முடியும் என்பதால் இது சிறிய விஷயம் இல்லை.

இதன் அழுத்தம் அடுப்புக் குக்கரைவிடக் குறைவு. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு (முன்பு சொன்ன ஒரு கிலோவும் ஏறத்தாழ இதுதான்) என்பது அடுப்புக் குக்கரின் கணக்கு. இந்த வகையில் 10 முதல் 12 வரைதான். உள் வெப்பநிலை 115 முதல் 118 டிகிரி. எனவே வேகும் நேரம் சற்றுக் கூடும். வேகம் வேண்டும் என்று வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். அழுத்தம் ஏறப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம், வேக ஒரு பன்னிரண்டு நிமிடம், தானாக அழுத்தம் இறங்க இருபது நிமிடம். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்கும் மேல். கேஸ் அடுப்பில் இதே வேலை அரை மணிக்குள் முடிந்துவிடும். விளம்பரங்கள் வேகத்தைப் பேசுகின்றன. அது எங்கள் ஊர்ச் சமையலுக்குப் பொருந்தாத பேச்சு.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் நான் அங்கே நிற்க வேண்டியதில்லை, காது கொடுக்க வேண்டியதில்லை, எண்ண வேண்டியதில்லை. ஐந்தே முக்காலுக்கு அடியில் பருப்பும் மஞ்சள்தூளும் தண்ணீரும், மேலே தாங்கியில் ஒரு பாத்திரத்தில் அரிசியும் வைத்து மூடிப் பொத்தானை அழுத்திவிட்டால் ஆறே முக்காலுக்குள் இரண்டும் வெந்து, அழுத்தம் இறங்கி, ஊசி விழுந்திருக்கும். ஊசி விழும்போது வரும் 'டிக்' என்ற சிறு ஓசைதான் எனக்கு அறிவிப்பு.

என் மகள் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடியிருக்கும் ஓர் அணில் குடும்பத்தைப் பற்றிக் கதை சொல்லி வருகிறாள். அவளே கட்டுகிற கதை. காலையில் பல் துலக்கிவிட்டு வந்து சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பழைய குக்கர் அடுப்பில் இருந்த காலத்தில் அந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அடுத்த விசிலுக்காக விறைத்திருக்கும் காதுக்குக் குழந்தையின் பேச்சு எட்டாது. "அப்பா, கேட்கிறீர்களா?" என்று கேட்பாள். கேட்கிறேன் என்பேன். கேட்டிருக்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். சிறிது நேரத்தில் இறங்கிக் கூடத்துக்குப் போய்விடுவாள். இப்போது நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்கிறேன். அணில் குடும்பத்தில் மூத்தவனுக்கு உயரம் என்றால் பயம் என்பதும், பாட்டி அணில் யாரோடும் பேசாமல் தனியாக ஒரு பூந்தொட்டியில் வாழ்கிறது என்பதும், ஆனாலும் எல்லோருக்கும் அந்தப் பாட்டியைப் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கேள்விகூடக் கேட்கிறேன். வேன் வரும் நேரத்தில் கதையை எங்கே நிறுத்துவது என்று நாங்கள் இருவரும் சேர்ந்தே முடிவு செய்கிறோம்.

ஒன்பதாயிரம் ரூபாய் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். குழந்தையிடம் பாசம் இருப்பது வேறு, அவள் பேசும் நேரத்தில் கேட்கும் நிலையில் இருப்பது வேறு. முதலாவது எனக்கு எப்போதும் இருந்தது. இரண்டாவதை ஒரு வால்வு தடுத்துக்கொண்டிருந்தது.

வேலையிலும் வேறுபாடு தெரிகிறது. முன்பு மகளை வேனில் ஏற்றிவிட்டு வந்ததும் ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, அரை மணி நேரம் படுத்தால்தான் கணினியைத் திறக்க முடியும். ஒன்பதரை மணித் தொலைபேசியில் மேலாளர் பேசுவது புரிந்தாலும் பதில் வாயில் வராது. ஒரு தாங்கியின் வரைபடத்தில் துளைக்கும் துளைக்கும் இடையிலான தூரம் இரண்டு மில்லிமீட்டர் மாறினால் பட்டறையில் பொருள் பொருந்தாது. அந்தக் கவனத்தை நாளின் தொடக்கத்திலேயே சமையலறையில் செலவழித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். இப்போது படுக்க வேண்டிய தேவை பெரும்பாலான நாட்களில் இல்லை. மனைவி ஒரு விடுமுறை நாளில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "என்னங்க, இப்போதெல்லாம் சமைக்கும்போது உங்கள் தோள் கீழே இருக்கிறது." செவிலியர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

இனி, குறைகளையும் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

விசில் இல்லை என்பதால் இது ஓசையே இல்லாத இயந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கீச்சென்று ஓர் ஒலி வரும். வேலை முடிந்ததும் பல தடவை கீச்சிடும். அந்த மெல்லிய உயர் ஒலி எனக்கு விசிலுக்கு அடுத்தபடியான தொல்லை. நல்லவேளையாக என் மாடலில் அதை அணைத்துவைக்க வழி இருக்கிறது. ஆனால் அது கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் கிடந்தது. வாங்குவதற்கு முன் அந்த மாடலின் கையேட்டை இணையத்தில் இறக்கி, ஒலியை அணைக்கும் வசதி உண்டா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். அணைத்துவைத்தாலும், அடிப்பிடித்தல் போன்ற கோளாறு நேர்ந்தால் எச்சரிக்கை ஒலி வரும். அது வரத்தான் வேண்டும்.

இரண்டாவது, அழுத்தத்தை விரைவாக வெளியேற்றும் பொத்தான். அதைத் திறந்தால் ஆவி நெட்டுக்குத்தாகப் பீறிட்டுக்கொண்டு, நிற்காமல், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு இரையும். விசில்கூட நொடிகளில் முடிந்துவிடும், இது முடியாது. நான் அதைத் தொடுவதே இல்லை. இருபது நிமிடம் தானாக இறங்கவிடுகிறேன், அதற்கேற்ப முன்கூட்டியே வைக்கிறேன். அவசரமான நாளில் அதைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, காதுமூடி அணிந்து, நீண்ட கரண்டிக் காம்பால் தள்ளித் திறப்பது நல்லது. சத்தத்தை அமுக்க ஈரத்துணியை மேலே போடலாம் என்று சிலர் வீடியோக்களில் காட்டுகிறார்கள். செய்யாதீர்கள். ஆவி வெளியேறும் வாயை எதுவும் மூடக் கூடாது. கொதிகலன் ஆலைக்காக வரைபடம் வரைபவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன்.

முகப்பில் பொத்தான்கள் மிக அதிகம். கஞ்சிக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று, சூப்புக்கு ஒன்று, கேக்குக்கு ஒன்று. அதிகாலையில் அத்தனை எழுத்துகளுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே எனக்கு ஒரு வேலை. எனக்கு வேண்டியவை நான்கு: அழுத்தச் சமையல், நேரத்தைக் கூட்ட, குறைக்க, நிறுத்த. மற்றவற்றின் மேல் வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். எண்கள் தெரியும் நீல வெளிச்சம் விடியற்காலை இருட்டில் கண்ணைக் குத்தியது. என் மேசையில் கிடந்த டிரேசிங் தாளில் ஒரு துண்டை அதன்மேல் ஒட்டினேன். இப்போது அது என் கண்ணுக்குத் தாங்குகிற இயந்திரம்.

மணம் பற்றி யாரும் எழுதுவதில்லை. மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையம், அதாவது கேஸ்கட், எல்லா மணத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெருங்காயமும் சாம்பார்ப் பொடியும் ஏறிய வளையத்தோடு சர்க்கரைப் பொங்கல் வைத்தால் பொங்கலில் சாம்பார் வாசம் அடிக்கும். மற்றவர்களுக்குத் தெரியாத அளவுதான். எனக்கு ஒரு வாய் இறங்காது. இரண்டாவது வளையம் ஒன்றைத் தனியாக வாங்கி, இனிப்புக்கும் வெறும் சோற்றுக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். பழைய வளையத்தை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் வாசம் குறையும், முழுவதும் போகாது. வாங்கும்போதே மாற்று வளையத்துக்கான விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சோறு எப்படி? பொன்னிப் புழுங்கல் அரிசி ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் எனக்குச் சரியாக இருக்கிறது. ஆவி வெளியேறாததால் அடுப்புக் குக்கருக்கு வைப்பதைவிடத் தண்ணீரைக் குறைத்தே ஊற்ற வேண்டும். என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. லால்குடியிலிருந்து வந்து தங்கும் நாட்களில் அவர் பானையில் வடித்த சோற்றைத்தான் சாப்பிடுவார். "விசில் கேட்காத வீடு, அடுப்பு மூட்டாத வீடு போல இருக்கிறது தம்பி" என்று முதலில் வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. தெருவில் நடந்து போகிறவருக்கு எந்த வீட்டில் சமையல் நடக்கிறது என்பதைச் சொல்வது விசில்தான். அம்மாவுக்கு அது வீட்டின் உயிர்ச் சத்தம். அவர் இருக்கும் நாட்களில் அவருக்காக அடுப்பில் பானை ஏறுகிறது. வடிப்பதில் சத்தம் இல்லை, ஆகவே எனக்கும் அதில் தொல்லை இல்லை. துவரம் பருப்பைப் பற்றி அம்மாவும் குறை சொல்லவில்லை. பிசைய வேண்டிய தேவையே இல்லாமல் வெண்ணெய்போல் குழைகிறது. இரவு ஊறிய கொண்டைக்கடலை இருபது நிமிட அழுத்தத்தில் தோல் பிரியாமல் வெந்துவிடுகிறது. முழு பீட்ரூட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டும் அருமை.

இட்லிக்கு இது ஏற்றதல்ல. இட்லியை அழுத்தம் இல்லாமல் ஆவியில்தான் வேகவைக்க வேண்டும். வால்வைத் திறந்துவைத்தால் அழுத்தம் ஏறாது, அழுத்தம் ஏறாவிட்டால் நிமிடக் கணக்கு ஓடாது. தனியாகக் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். இட்லிப் பானையே போதும். தாமதமாகத் தொடங்கும் வசதியும் நம் ஊருக்கு அவ்வளவாக உதவாது. முந்தைய இரவே அரிசியையும் பருப்பையும் தண்ணீரில் போட்டு, காலை ஐந்தரைக்குத் தொடங்கச் சொல்லி வைக்கலாம் என்கிறார்கள். திருச்சி வெயில் காலத்தில் அத்தனை மணி நேரம் ஊறினால் புளித்த வாடை வந்துவிடும். மார்கழியில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

மின்தடை இந்த இயந்திரத்தின் உண்மையான பலவீனம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாட்களை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அது பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் என்பதால் என் சமையலைத் தொடுவதில்லை. அறிவிக்காமல் போகும் மின்சாரம்தான் சிக்கல். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்குக்கும் மட்டுமே போட்டது. 1000 வாட்டை அது தாங்காது. அந்த நாட்களுக்காகப் பழைய அடுப்புக் குக்கரைப் பரணில் வைத்திருக்கிறேன். ஆனால் எடுப்பதில்லை, பாத்திரத்தில் பருப்பை வேகவைத்துக்கொள்கிறேன், நேரம் ஆனாலும் பரவாயில்லை. மற்றபடி மின்செலவு பயப்படும் அளவு இல்லை. இரண்டரைக் கிலோ தண்ணீரையும் பொருளையும் 30 டிகிரியிலிருந்து 117 டிகிரிக்குக் கொண்டுபோகக் கால் யூனிட் போதும். பாத்திரம் சூடாவதையும் இழப்பையும் சேர்த்தால் மூன்றில் ஒரு யூனிட் வரலாம். 1000 வாட் என்பது 230 வோல்டில் நாலரை ஆம்பியருக்கும் குறைவு, ஆகவே சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும்.

வாங்கிய அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் நகரத்தில் ஒரு பெரிய வீட்டுப் பொருள் கடைக்குப் போனேன். மேலே வரிசை வரிசையாக வெள்ளை விளக்குகள், ஒலிபெருக்கியில் பாட்டு, ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு விற்பனையாளர் கூடவே நடந்து வருவது. இந்தக் குக்கர் எவ்வளவு சத்தம் போடும் என்ற என் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. மின்சாரம் கொடுத்து ஒரு முறை ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். வெளியே வந்து இணையத்தில் வாங்கினேன். எங்கள் பகுதியில் இருக்கும் சிறிய பாத்திரக் கடைக்காரர், என்னிடம் விற்காத பொருளுக்கு மாற்று வளையம் வரவழைத்துத் தந்தார். அவர் கடையில் பாட்டு இல்லை, மெதுவாகப் பேசுகிறார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். இனி என் பணம் அவருக்குத்தான்.

இவ்வளவு விலை கொடுக்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டா? உண்டு. அடுப்பில் வைக்கும் குக்கர்களிலேயே, ஆவியை விட்டுவிட்டுப் பீய்ச்சாமல் மெதுவாகக் கசியவிடும் ரகம் கிடைக்கிறது. விலையும் குறைவு. தீயைக் கவனித்துக் குறைக்கவும், கடிகாரம் பார்த்து அணைக்கவும் உங்களால் முடியுமானால் அது போதும். என்னால் அந்தக் கவனத்தைக் காலையில் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. ஓசையை நீக்கும் ஹெட்போன் வாங்கிக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னிடம் ஒன்று இருக்கிறது. வேலை நேரத்தில் அணிகிறேன். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, பஸ் எஞ்சின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை அது நன்றாக அழிக்கும். திடீரென்று எழும் கூர்மையான ஒலியிடம் அதன் வித்தை அவ்வளவாகச் செல்லாது. எல்லாவற்றையும்விட, அதை மாட்டிக்கொண்டால் மகளின் குரலும் போய்விடும். சத்தத்திலிருந்து தப்பிக்க அவளிடமிருந்தும் தப்பிக்க வேண்டும் என்றால் அந்த வழி எனக்கு வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் இதைப் படிப்பார்களானால் ஒரு வேண்டுகோள். ஏசி வாங்கும்போது உள் அலகு எத்தனை டெசிபல் என்று விவரத்தாளில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் துணி துவைக்கும் இயந்திரத்திலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் ஒட்டும் மின்சிக்கன லேபிளில், அது எழுப்பும் ஒலியின் அளவும் ஏ முதல் டி வரையிலான தரமும் அச்சிடப்படுகின்றன. நம் சமையலறைப் பொருள்களின் பெட்டியில் வாட் இருக்கிறது, லிட்டர் இருக்கிறது, ஐந்து வண்ணப் படங்கள் இருக்கின்றன. ஒலியின் அளவு மட்டும் இல்லை. இந்தியாவில் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. எங்களுக்குப் பயன்படும் பொருள் என்றால் தனியாக ஒரு சிறப்புப் பொருள் செய்ய வேண்டியதில்லை. ஒலியை அணைக்க ஒரு பொத்தானை முகப்பிலேயே வையுங்கள், பெட்டியில் ஓர் எண்ணை அச்சிடுங்கள். கைக்குழந்தை தூங்கும் வீட்டுக்கும், இரவுப் பணி முடிந்து பகலில் தூங்கும் செவிலியர் வீட்டுக்கும் அது உதவும். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

யார் வாங்கலாம்? மூன்று நான்கு பேர் உள்ள குடும்பம், காலையில் முக்கால் மணி நேரம் முன்னதாக வைக்க முடிகிறவர்கள், சத்தம் தாங்காதவர்கள், எண்ணிக்கையைச் சுமக்க முடியாதவர்கள் தயங்காமல் வாங்கலாம். பத்துப் பேருக்குச் சமைப்பவர்களுக்கும் அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் இருப்பவர்களுக்கும் இது சரிவராது. எனக்கு இது கெட்டுப்போனால் அன்றைக்கே அடுத்ததை வாங்கிவிடுவேன்.

மிக்ஸிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. சட்னியை இப்போது மனைவி வீட்டில் இருக்கும் நாட்களில் நான் மாடிக்குப் போன பிறகு அவர் அரைத்து வைக்கிறார். மற்ற நாட்களில் பொடியும் எண்ணெயும்தான். ஓசை குறைந்த மிக்ஸியை உண்மையாகவே பயன்படுத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், மாடலின் பெயரையும், தேங்காய் அரைக்கும்போது அடுத்த அறையில் பேச்சு கேட்கிறதா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.